சுட்ட பித்தளைக் கூட்டில் என்ன கோளாறு? அடையாளம் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

மண்பானை வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிப் பார்ப்போம். அதே வேலையைத் தோட்டாவின் காலிக் கூட்டுக்கும் செய்யலாம். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளில் ஏழெட்டை உள்ளங்கையில் எடுத்து லேசாகக் குலுக்குங்கள். நல்ல கூடுகள் கணீரென்று ஒலிக்கும். ஒன்றில் விரிசல் இருந்தால்கூட அந்தக் கூட்டத்தில் ஒரு சத்தம் மட்டும் அடைத்துக் கேட்கும். ஒவ்வொன்றாக மேசையில் போட்டால் எது என்று தெரிந்துவிடும். சுட்ட கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பும் ரீலோடிங்கை நான் தொடங்கியபோது முதலில் கற்றுக்கொண்ட சோதனை இதுதான். இன்றும் கூடுகளைக் கையில் எடுத்ததும் முதலில் செய்வது இதைத்தான்.

நான் இருப்பது அமெரிக்காவில், டெக்ஸாஸில். இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டாவை மறுபடி நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் தேவை. மற்ற நாடுகளில் சட்டம் வேறு மாதிரி இருக்கும், அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். என்னிடம் இருப்பவை, பின்பூட்டான போல்ட்டைக் கையால் திறந்து மூடும் .223 ரெமிங்டன் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றும் 9 மிமீ பிஸ்டல் ஒன்றும். அதனால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்த இரண்டிலிருந்தே வரும்.

வெடிமருந்து எவ்வளவு போடுவது என்பதைப் பற்றி இங்கே எதுவும் இல்லை. அதை அச்சிட்ட தரவுப் புத்தகத்தில் மட்டும் பாருங்கள். இங்கே பேசுவது காலிக் கூட்டைச் சோதித்துப் பார்ப்பது பற்றித்தான். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோளாறான கூட்டைத் தூக்கிப் போடுவதோடு வேலை முடியாது. துப்பாக்கியிலோ, கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டையிலோ, மருந்தின் அளவிலோ இருக்கும் தப்பு அந்தக் கூட்டில்தான் பதிவாகியிருக்கும். அது என்ன என்று தெரியாவிட்டால் அடுத்த கூடும் அப்படியேதான் வெளியே வரும்.

பார்க்கத் தொடங்கும் முன்

கூட்டின் பகுதிகளுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். குண்டு உட்காரும் திறப்பு வாய். அதன் கீழே கழுத்து, பிறகு தோள், பிறகு உடம்பு. கனமான அடிப்பகுதி அடி, அதன் நடுவில், ஊசி தட்டியதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர் உட்காரும் குழி. பிஸ்டல் கூட்டுக்குக் கழுத்தும் தோளும் கிடையாது, நேர்க் குழாய். உலோகம் நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. சுடும்போது அது விரிந்து, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்கும். அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கி வெளியே வரும். ஒவ்வொரு முறை சுடும்போதும், டையில் போட்டு அளவுக்குக் கொண்டுவரும்போதும், பித்தளை இழுபடுகிறது, நெரிபடுகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் இறுகி ஒடியுமே, அதேதான் இங்கும் நடக்கிறது.

வெளிச்சம் நன்றாக இருக்கட்டும். ஒரு கேலிப்பர், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு காந்தம், ஒரு பேப்பர் கிளிப், இவ்வளவு போதும். மேசையில் மருந்துப் புட்டியோ பிரைமர் பெட்டியோ இருக்க வேண்டாம். சுடும் பயிற்சி மைதானமான ரேஞ்சில் பொறுக்கிய கூடுகள் என்றால் சுடாத தோட்டா ஒன்றுகூட நடுவில் கலந்திருக்கக் கூடாது, அதை முதலில் பாருங்கள். இன்னொன்று ஈயம். பல பிரைமர்களின் வெடிகலவையில் ஈயம் உண்டு. அதன் புகைக்கரி கூட்டிலும், கூட்டைச் சுத்தம் செய்யும் டம்ப்ளரின் தூசியிலும் இருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது டீ, முறுக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் டம்ப்ளர் தூசியை வீட்டுக்குள் உதறவே கூடாது.

அப்புறம் தரம் பிரித்தல். காந்தத்தில் ஒட்டினால் அது இரும்புக் கூடு, மேலே பித்தளைப் பூச்சு மட்டும்தான், ஒதுக்குங்கள். அலுமினியக் கூடுகளும் வேண்டாம். அடியில் பொறித்த எழுத்தைப் படியுங்கள். 9 மிமீ குவியலில் .380 கூடு கலந்திருப்பது சாதாரணம். அதன் நீளம் 0.680 அங்குலம், 9 மிமீ கூடு அதிகபட்சம் 0.754. கண்ணுக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் எட்டிப் பாருங்கள். சிறிய கூடு பெரிய கூட்டுக்குள் செருகிக்கொண்டு வரும், கூழாங்கல் வரும், சிலந்திக்கூடு வரும். 9 மிமீயில் சில கூடுகளின் உள்சுவரில் பாதி ஆழத்தில் ஒரு படி தெரியும். உள்ளே இடம் குறைவு என்பதால் அழுத்தம் கூடும், அடிப்பகுதி அறுந்து போகவும் வாய்ப்பு உண்டு. அவற்றை நான் வைத்துக்கொள்வதில்லை.

அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம்

ரைஃபிள் கூட்டில் நான் மிகவும் பயப்படும் அடையாளம் இது. அடியிலிருந்து ஆறு மில்லிமீட்டர் முதல், கூடினால் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குள், உடம்பைச் சுற்றி மெல்லிய பளிச்சென்ற கோடு தெரியும். அந்த இடத்தில் உள்ளே சுவர் இழுபட்டு மெலிந்திருக்கிறது. இன்னும் ஒன்றிரண்டு முறை சுட்டால் கூடு இரண்டாக அறுந்து, அடிப்பகுதி மட்டும் வெளியே வந்து முன்பகுதி சேம்பரிலேயே தங்கிவிடும். வாயு பின்பக்கம் பீறிட்டால் கண்ணுக்கு ஆபத்து.

ஆனால் வளையம் தெரிந்த கூடு எல்லாமே கெட்டது இல்லை. சைஸிங் டை முடியும் இடத்திலும் ஒரு கோடு விழும். அது வெறும் மேல் அடையாளம், உள்ளே சுவர் நன்றாக இருக்கும். இந்த இரண்டையும் கண்ணால் பிரிப்பது கடினம், விரலால் பிரிக்கலாம்.

பேப்பர் கிளிப்பை நேராக்கி, நுனியில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் செங்குத்தாக மடக்குங்கள். அந்த நுனியை அரத்தில் தேய்த்துக் கூராக்குங்கள். சுடாத புதுக்கூடு ஒன்றில் முதலில் பழகிக்கொள்ளுங்கள். கம்பியை அடிவரை விட்டு, நுனியைச் சுவரில் அழுத்தியபடி மெதுவாக மேலே இழுங்கள். தடித்த அடி மெல்ல மெலிந்து சுவராக மாறும் சரிவு வழுவழுவென்று கைக்குத் தெரியும். இப்போது சந்தேகப்பட்ட கூட்டில் அதையே செய்யுங்கள். சரிவு முடியும் இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து, தட்டி ஏறினால், அதுதான். கூட்டைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் இழுத்துப் பாருங்கள், பள்ளம் ஒரு பக்கம் மட்டும்கூட இருக்கும். நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு கூட்டை வைஸில் பிடித்து ரம்பத்தால் நீளவாட்டில் இரண்டாக அறுத்துப் பாருங்கள். அறுத்த முகத்தில் சுவர் தடிமன் ஓரிடத்தில் உள்வாங்கியிருப்பது தெளிவாகத் தெரியும். ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

இது ஏன் வருகிறது? சுடும் ஊசி தட்டும்போது கூடு முன்னால் தள்ளப்படுகிறது. அழுத்தம் ஏறியதும் மெல்லிய முன்சுவர் சேம்பரைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். தடித்த அடி பற்றாது. அது பின்னால் போய் போல்ட்டில் முட்டும் வரை நகரும். அந்த நகர்வுக்கான நீளம் நடுச்சுவரிலிருந்துதான் இழுபடுகிறது. பிறகு நாம் சைஸிங் டையை அதிகமாக இறக்கி வைத்துத் தோளைப் பின்னால் தள்ளிவிட்டால், அடுத்த முறையும் அதே அளவு இழுபடும்.

என் தப்பும் இதுவேதான். டையை, கூட்டின் அடியைப் பிடித்து நிற்கும் ஷெல் ஹோல்டரில் முட்ட வைத்து, அதற்கு மேலும் ஒரு சுற்று இறக்கியிருந்தேன். தோள் எவ்வளவு பின்னால் போகிறது என்று அளக்கவே இல்லை. நான்காவது சுடுதலில் போல்ட்டைத் திறந்தபோது, வெளியே வந்தது ஒரு கட்டைவிரல் நகம் அளவுள்ள பித்தளைக் கிண்ணம் மட்டும். முன்பகுதியை எடுக்க உடைந்த கூட்டை இழுக்கும் தனிக் கருவி வாங்க வேண்டியதாயிற்று. அந்தப் பெட்டியில் மிச்சம் இருந்த கூடுகளில் கம்பியை விட்டுப் பார்த்தேன். முக்கால்வாசியில் பள்ளம் இருந்தது.

தீர்வு இதுதான். சுட்ட கூட்டின் அடியிலிருந்து தோள்வரை ஹெட்ஸ்பேஸ் கம்பரேட்டர் (கேலிப்பரில் மாட்டும் அளவுத் துண்டு) வைத்து அளங்கள். டையில் போட்ட பிறகு மறுபடி அளங்கள். போல்ட் ஆக்‌ஷனில் தோள் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 2 முதல் 3 பங்கு பின்னால் போனால் போதும். தானியங்கி ரைஃபிளில் 3 முதல் 5 பங்கு வரை விடலாம். அதற்கு ஏற்ப டையைச் சிறிது சிறிதாக இறக்குங்கள். ஒரு கூட்டில் பள்ளம் கிடைத்தால், அதோடு சேர்ந்து அதே எண்ணிக்கை சுட்ட மொத்தத் தொகுதியையும் கழித்துவிடுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கடையில் வாங்கிய புதுத் தோட்டா முதல் சுடுதலிலேயே இந்த வளையத்தோடு வந்தால் டையைக் குறை சொல்ல வழியில்லை. துப்பாக்கியின் ஹெட்ஸ்பேஸே, அதாவது போல்ட் முகத்துக்கும் சேம்பரில் கூடு முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரமே, கூடுதலாக இருக்கலாம். சுடுவதை நிறுத்திவிட்டு, அளவுக் கட்டைகள் வைத்திருக்கும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். பழைய .303 லீ-என்ஃபீல்ட் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதன் சேம்பர் தாராளம், போல்ட்டும் பின்பக்கத்தில்தான் பூட்டுகிறது. அதனால் அதில் கூடுகள் சீக்கிரம் இழுபடும்.

கழுத்திலோ வாயிலோ பிளவு

வாயிலிருந்து கீழே இறங்கும் முடிமாதிரிக் கோடு. பெரும்பாலும் வயதான பித்தளை இறுகிப்போனதால் வருவது. ஒன்றிரண்டில் வந்தால் அவற்றைக் கழியுங்கள், மற்றவற்றைப் பயன்படுத்தலாம். நிறைய வந்தால் தொகுதியே களைத்துவிட்டது என்று பொருள். கழுத்தை மிதமாகச் சூடாக்கி இளக்கும் அனீலிங் முறை உண்டு. பிளவு விழுந்ததை அது ஒட்டவைக்காது, இனி விழாமல் தள்ளிப்போடும். சூடு கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும்தான். அடி இளகிவிட்டால் அந்தக் கூடு அழுத்தத்தைத் தாங்காது. ரிவால்வர் கூடுகளில் வாயை விரித்து, பிறகு மடித்து இறுக்குவதால் பிளவு சீக்கிரம் வரும். நிக்கல் பூசியவற்றில் இன்னும் சீக்கிரம்.

ஒருமுறைதான் சுட்ட கூட்டிலேயே, அல்லது சுடாமல் அலமாரியில் இருந்ததிலேயே பிளவு வந்தால் வேறு ஒன்றைச் சந்தேகப்படுங்கள்: அம்மோனியா. இதற்கு நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் ராணுவத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழைக்காலம் வந்தால் பித்தளை தானாக வெடித்துப் பிளக்கும். மழைக்காலத்தோடு வந்துபோனதால்தான் அதற்கு சீசன் கிராக்கிங் என்று பெயர் விழுந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் ஈரக்காற்றும் சேர்ந்து, உற்பத்தியில் உள்ளுக்குள் இறுக்கம் தங்கிய பித்தளையைப் பிளக்கின்றன என்பது 1921-இல்தான் தெளிவாயிற்று. அதனால் பித்தளைப் பாத்திரம் துலக்கும் அம்மோனியா கலந்த பாலீஷை, பளபளப்பு வருகிறதே என்று கூட்டில் தேய்க்க வேண்டாம்.

உடம்பின் நடுவில் நீளப் பிளவு

கழித்துவிடுங்கள். ஒன்று மட்டும் என்றால் அந்தக் கூட்டில் உலோகக் குறை இருந்திருக்கலாம். அடிப்பக்கமாகப் பிளவு இறங்கியிருந்தாலோ, அடுத்தடுத்து இரண்டு மூன்று வந்தாலோ சேம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கரி கீழே வரை வழிந்திருக்கிறது

கழுத்தில் கரி இருப்பது இயல்பு. தோளைத் தாண்டி உடம்பில் கோடுகோடாக இறங்கியிருந்தால், கூடு சரியாக விரிந்து சேம்பரை அடைக்கவில்லை. காரணம் பெரும்பாலும் அழுத்தம் குறைவு. தரவுப் புத்தகத்தில் உள்ள தொடக்க அளவுக்குக் கீழே போயிருக்கிறீர்களா, தராசு சரியா என்று பாருங்கள். அளவு சரி என்றால் வாய்ப் பித்தளை இறுகியிருக்கும். கூட்டைத் துடைத்து மறுபடி பயன்படுத்தலாம்.

பிரைமர் தட்டையாகிவிட்டது, நடுவில் ஊசி பட்ட குழியைச் சுற்றி விளிம்பு கட்டியிருக்கிறது

புதியவர்கள் அதிகம் பதறுவது இங்கேதான். தட்டையான பிரைமர் அழுத்தம் கூடியதைக் காட்டலாம். மெல்லிய கிண்ணம் உள்ள பிரைமராகவும் இருக்கலாம். ஹெட்ஸ்பேஸ் தளர்வாக இருந்தாலும் இப்படி வரும். சுடும் ஊசியின் துளை பெரிதாக இருந்தால் நல்ல தோட்டாவிலும் குழி விளிம்பு கட்டும். அதே துப்பாக்கியில் சுட்ட கடைத் தோட்டாவின் கூட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பாதிக் குழப்பம் தீரும். பிரைமர் மட்டும் நல்லபடியாக இருக்கிறது என்று நிம்மதியாகவும் இருக்காதீர்கள். அழுத்தம் எல்லை மீறியும் பிரைமர் சாதுவாகத் தெரிவதுண்டு.

நான் அதைவிட நம்புவது அடியின் முகத்தை. எழுத்துகளுக்கு நடுவே பிறை வடிவிலோ வட்டமாகவோ பளிச்சென்று ஒரு தடம், நகத்தால் தடவினால் சின்ன மேடு. கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளைக்குள் பித்தளை வழிந்து போல்ட்டைத் திறக்கும்போது வழிக்கப்பட்ட அடையாளம் அது. கூடவே போல்ட் கைப்பிடி தூக்கக் கனமாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மிச்சத் தோட்டாக்களைச் சுட்டுத் தீர்க்க நினைக்காமல், புல்லட் புல்லரால் குண்டைக் கழற்றி மருந்தைத் திரும்ப எடுங்கள். தானியங்கித் துப்பாக்கியில் கூடு சீக்கிரம் இழுக்கப்படுவதாலும் இந்தத் தடம் வரும், விளிம்பும் வளையும். அங்கே இந்த ஓர் அடையாளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பிரைமரில் ஓட்டை விழுந்திருந்தாலோ, பிரைமரைச் சுற்றிக் கரி வளையம் கசிந்திருந்தாலோ கூடும் போல்ட்டும் இரண்டும் பார்க்க வேண்டியவை. ஓட்டை வழியே வந்த வாயு போல்ட்டின் முகத்தை அரித்திருக்கும்.

புதுப் பிரைமர் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது

பிரைமர் குழி தளர்ந்துவிட்டது. அழுத்தி உட்கார வைக்கும்போது கைக்குச் சீரான எதிர்ப்புத் தெரிய வேண்டும். எதிர்ப்பே இல்லை என்றால் அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது. இதைச் சரிசெய்ய வழி தேடாதீர்கள். இரண்டு மூன்று சுடுதலிலேயே குழி தளர்ந்தால் மருந்தின் அளவு உங்கள் துப்பாக்கிக்கு அதிகம்.

பிரைமர் உள்ளே போக மறுக்கிறது, அல்லது பழைய பிரைமரைத் தள்ளும் டையின் ஊசி ஒடிகிறது

இரண்டுக்கும் காரணம் வேறு. ராணுவத் தொழிற்சாலைக் கூடுகளில் பிரைமரைச் சுற்றி விளிம்பை அமுக்கி இறுக்கியிருப்பார்கள். வட்டத்துக்குள் சிலுவை பொறித்திருந்தால் அது நேட்டோ முத்திரை, அப்படிப்பட்ட கூட்டில் இந்த இறுக்கத்தை எதிர்பாருங்கள். அந்த விளிம்பை ஸ்வேஜ் கருவியாலோ ரீமராலோ ஒருமுறை எடுத்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை. பலவந்தமாகப் பிரைமரை அமுக்காதீர்கள், அது வெடிக்கும் பொருள்.

ஊசி ஒடிந்தால் கூட்டின் உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். அடியின் நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர் வகை, நமக்கு வேண்டியது. நடுவில் மேடும் பக்கத்தில் இரண்டு பொடித் துளைகளும் இருந்தால் பெர்டன் வகை. சாதாரண டையால் அதன் பிரைமரை எடுக்க முடியாது. பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கா பாக்ஸர் வகையையும், ஐரோப்பாவின் பெரும்பகுதி பெர்டன் வகையையும் எடுத்துக்கொண்டது.

நிறம் மாறியிருக்கிறது

கழுத்தில் நீலமும் பழுப்பும் கலந்த மேகம்போல் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள், அது தொழிற்சாலையில் அனீல் செய்த தடம். பழுப்போ கறுப்போ ஏறிய மங்கல் ஒன்றும் செய்யாது. பச்சைக் களிம்பைத் துடைத்துவிட்டு அடியில் பாருங்கள். குழிவிழுந்து அரித்திருந்தால் வேண்டாம். இளஞ்சிவப்புத் திட்டு என்றால் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. கடும் வினிகரில் அதிக நேரம் ஊறவைத்தால் இது வரும். மேலோட்டமாகத் தேய்த்தால் போய்விட்டால் சரி, போகாவிட்டால் கழியுங்கள்.

நெளிவும் பள்ளமும்

தானியங்கித் துப்பாக்கி வீசியெறிந்ததில் வாய் நசுங்கியிருந்தால் டையில் போட்டதும் நேராகிவிடும். தோளில் வழுவழுப்பான பள்ளம் என்றால், டையில் போடும்முன் தடவும் சைஸிங் எண்ணெய் அதிகமாகிவிட்டது. எண்ணெயைக் குறைத்து, டையைத் துடையுங்கள். கூரான மடிப்பு விழுந்திருந்தால் மட்டும் கழியுங்கள்.

டையில் போட்ட பிறகும் சேம்பரில் ஏறவில்லை

நீளத்தை அளங்கள். .223 கூடு அதிகபட்சம் 1.760 அங்குலம் இருக்கலாம், வெட்டிக் கொண்டுவர வேண்டியது 1.750. .308 வின்செஸ்டருக்கு 2.015, 2.005. நீண்ட கூட்டின் வாய் சேம்பர் முடிவில் இடித்துக் குண்டை நெரிக்கும், அழுத்தம் சட்டென ஏறும். அளப்பதை டையில் போட்ட பிறகு செய்யுங்கள், ஏனென்றால் கூடு நீளுவது அங்கேதான். 9 மிமீ கூடுகள் அப்படி நீளுவதில்லை, அவற்றை நான் வெட்டியதே இல்லை. நீளம் சரியாக இருந்தும், சேம்பர் அளவில் செய்த சோதனைக் குழாயான கேஸ் கேஜில் அடிப்பக்கம் முட்டினால், சேம்பர் தாங்கல் குறைந்த துப்பாக்கியில் சுட்டுப் புடைத்த கூடாக இருக்கும். புடைப்பு ஒரு பக்கமாகத் துருத்தித் தெரிந்தால் போட்டுவிடுங்கள்.

கழித்த கூடுகளின் வாயைக் குறட்டால் நசுக்கிய பிறகே பழைய சாமான் வாளியில் போடுகிறேன். நசுக்காமல் ஓரமாக வைத்த பிளவுக்கூடு ஒன்று அடுத்த வாரமே நல்ல குவியலுக்குள் வந்து சேர்ந்திருந்தது. வாளி நிறைந்ததும் பழைய உலோகக் கடையில் பித்தளை விலைக்கே எடுத்துக்கொள்கிறார்கள்.